வீட்டுக்காரம்மாவாக ஐம்பது ஆண்டுகள்: ஜோன் ஹிக்சனின் தொழில் வாழ்க்கை

1961-இல் ‘மர்டர் ஷீ செட்’ என்ற பிரிட்டிஷ் படம் வெளிவந்தது. அகதா கிறிஸ்டியின் ‘4.50 ஃபிரம் பேடிங்டன்’ நாவல்தான் அதன் மூலக்கதை. பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் ஒரு பெண்ணை யாரோ கழுத்தை நெரித்துக் கொல்வதை, கிறிஸ்டி படைத்த துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் பார்த்துவிடுகிறார். போலீஸ் நம்பவில்லை. பிணத்தைத் தானே கண்டுபிடிப்பது என்று முடிவுகட்டி, ஒரு பெரிய மாளிகையில் வேலைக்காரியாகச் சேர்கிறார். மார்ப்பிளாக நடித்தவர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட். அந்த வீட்டில் ஏற்கெனவே வேலைபார்க்கும் மிஸஸ் கிட்டர் என்ற ஒல்லியான பெண்மணி சில நிமிடங்கள் மட்டும் வந்து போகிறாள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அவள் கண்களின் வெளிர்நீலம் தெரியாது.

1987 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி அதே நாவலைத் தொலைக்காட்சிப் படமாக ஒளிபரப்பியது. இம்முறை மார்ப்பிளாக வந்தவர் அந்தப் பழைய மிஸஸ் கிட்டர்தான். பெயர் ஜோன் ஹிக்சன். வயது எண்பத்தொன்று.

இந்தத் தகவலைச் சொன்னால் கேட்பவர்கள் விதி என்பார்கள், காலம் கடந்து கிடைத்த வெற்றி என்பார்கள். பத்திரிகைகளும் அவரைப் பற்றி அப்படித்தான் எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதன்முதலில் மார்ப்பிளாக நடித்த எழுபத்தெட்டு வயதில் தொடங்கிய கதையாக அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டு உழைப்பு வெறும் காத்திருப்பாகிவிடுகிறது. அவர் காத்திருக்கவில்லை. வாரம் தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள், எண்ணற்ற நாடக மேடைகள், தொலைக்காட்சித் தொடர்கள். அந்தத் தொழில் எப்படி நடந்தது, யார் சோறு போட்டார்கள், எதைக் கற்றுக்கொடுத்தது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடலாம். ‘குணச்சித்திர நடிகை’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண்ணீர்விடும் தாய், கொடுமைக்கார மாமியார், கதையின் பாதிச் சுமையைத் தாங்கும் பெரிய பாத்திரங்கள். பிரிட்டிஷ் திரையுலகில் அந்த வகைப்பாடு அதைவிடச் சிறியது. கதாநாயகி அல்லாத, இளம்பெண்ணும் அல்லாத எல்லோரும் அதில் அடக்கம். கதவைத் திறக்கும் வேலைக்காரி, தபால் நிலைய எழுத்தர், ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தை. பல நேரங்களில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூட இருக்காது.

1927

ஹிக்சன் 1906 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நார்த்தாம்ப்டன் நகரை ஒட்டிய கிங்ஸ்தோர்ப்பில் பிறந்தார். காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. தந்தையும் காலணி உற்பத்தியாளர்தான். வசதியான குடும்பம். லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட் என்ற நாடகப் பள்ளியில் பயின்று, 1927-இல் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவோடு தொழிலைத் தொடங்கினார். வேலைக்காரிகளாகவும் சமையற்காரிகளாகவும் பின்னாளில் நடித்துத் தள்ளியவர் முதலாளி வீட்டுப் பெண் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் குரல்களை அவர் வீட்டுக்குள் இருந்தபடி, மேசையின் மறுபக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்.

அதே 1927-இல் வேறு இரண்டு விஷயங்கள் நடந்தன. நடிகர்களின் புகைப்படங்களைத் தொகுத்து வெளியிடும் ‘ஸ்பாட்லைட்’ விவரத்தொகுப்பு அந்த ஆண்டில்தான் முதன்முதலில் அச்சேறியது. பாத்திரத் தேர்வு செய்பவர்கள் பக்கங்களைப் புரட்டி முகத்தைப் பார்த்து ஆளைக் கூப்பிடும் வழக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. இன்னொன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திரைப்படச் சட்டம். ஹாலிவுட் படங்கள் உள்நாட்டுச் சந்தையை விழுங்கிவிட்டதால், விநியோகஸ்தர்களும் திரையரங்குகளும் குறிப்பிட்ட விழுக்காடு பிரிட்டிஷ் படங்களைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். 1930களின் நடுவில் அந்த ஒதுக்கீடு 20 விழுக்காட்டை எட்டியது.

அமெரிக்க நிறுவனங்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தன. சட்டத்தைச் சமாளிப்பதற்காகவே பிரிட்டனில் மலிவுப் படங்களை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தன. ஓர் அடி ஃபிலிமுக்கு ஒரு பவுன் என்ற கணக்கு. இரண்டு மூன்று வாரத்தில் படம் முடிந்துவிட வேண்டும். தரத்தைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை. விமர்சகர்கள் இந்தப் படங்களைப் பழித்தார்கள். பழித்ததும் நியாயம்தான். ஆனால் அவசரத்தில் எடுக்கப்படும் படத்துக்கு ஒத்திகை இல்லாமல் வந்து, ஒரே டேக்கில் வசனம் பேசி, அடுத்த காட்சிக்கு வழிவிடும் நடிகர்கள் வேண்டும். மேடையில் வாரம் ஒரு நாடகம் என்று பழகியவர்களுக்கு அது கைவந்த கலை. ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸில் ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்திருந்த ஹிக்சன், 1934-இல் இந்தக் கதவு வழியாகத்தான் சினிமாவுக்குள் வந்தார்.

1937-இல் ‘லவ் ஃபிரம் எ ஸ்ட்ரேஞ்சர்’ என்ற படத்தில் எம்மி என்ற வேலைக்காரியாக நடித்தார். பேசில் ராத்போன் மனைவியைக் கொல்லத் திட்டமிடும் கணவர். இந்தக் கதையும் அகதா கிறிஸ்டியுடையது. ஆக, கிறிஸ்டியின் உலகத்துக்குள் ஹிக்சன் நுழைந்தது சமையலறை வழியாக, முப்பது வயதில்.

வாடகைக்கு அறை

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று கண்ணில் படும். எங்கே திரும்பினாலும் அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மாக்கள். இது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். அப்படியல்ல. ஜெர்மன் குண்டுகள் லண்டனில் தெருத்தெருவாக வீடுகளைத் தரைமட்டமாக்கியிருந்தன. புது வீடுகள் கட்டப் பொருளில்லை. ரேஷன் முறை 1954 வரை நீடித்தது. படிக்க வந்தவர், வேலை தேடி வந்தவர், ராணுவத்திலிருந்து திரும்பியவர் எல்லோரும் யாரோ ஒரு விதவையின் மாடி அறையில் வாடகை கொடுத்து இருந்தார்கள். காலையில் அவள் வைக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் விருந்தாளி கூடாது என்ற அவள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள். அந்தப் பெண்ணைக் காட்டாமல் அக்காலத்துக் கதை எதையும் சொல்ல முடியாது.

ஹிக்சன் அந்தப் பெண்ணின் முகமாக ஆனார். 1950-இல் வந்த ‘செவன் டேஸ் டு நூன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணு ஆயுதங்களைக் கைவிடாவிட்டால் லண்டனையே தகர்த்துவிடுவதாகப் பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டு, கைப்பையில் குண்டோடு தலைமறைவாகிறார் ஒரு விஞ்ஞானி. அவர் அறை எடுப்பது மிஸஸ் பெக்கெட் வீட்டில். அவள் கையில் சிகரெட், காலைச் சுற்றிப் பூனைகள். இரவு முழுக்க மாடியில் காலடிச் சத்தம் கேட்கிறது. பத்திரிகையில் படித்த கொலைகாரன் இவன்தானோ என்ற பயம் வந்து போலீசுக்குப் போகிறாள். பாதி நகரத்தை அழிக்கக்கூடிய ஆள் தன் மாடியில் இருக்க, அவள் பயப்படுவதோ தன் ஒருத்தியின் கழுத்துக்காக. சந்தேகம் சரி, காரணம் தவறு. சில நிமிடக் காட்சிதான். ஆனால் ஊரே காலிசெய்யப்படும் ஒரு படத்தில் பீதி என்பது எப்படியிருக்கும் என்று நமக்கு முதலில் புரியவைப்பது அந்த வீட்டுக்காரம்மாவின் முகம்தான். அப்போது ஹிக்சனுக்கு நாற்பத்து மூன்று வயது. திரையில் இன்னும் பத்து வயது கூடத் தெரிவார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ‘டாக்டர் இன் தி ஹவுஸ்’. மருத்துவ மாணவனாக டர்க் போகார்டு. ஹிக்சன் இங்கே மிஸஸ் கிரோக்கர், கூடவே ஷர்லி ஈட்டன் நடித்த மகள். அந்த வீட்டில் பையன் அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை. பிறகு 1956-இல் ‘தி மேன் ஹூ நெவர் வாஸ்’. ஒரு பிணத்துக்கு ராணுவ அதிகாரி வேஷம் போட்டு ஸ்பெயின் கடலில் மிதக்கவிட்டு ஜெர்மானியரை ஏமாற்றிய உண்மைச் சம்பவம். அதிலும் அவர் வீட்டுக்காரம்மாதான், இம்முறை பெயரில்லாமல்.

மூன்றும் ஒரே ஆள் போலத் தோன்றலாம். வரிசையாகப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முதலாமவளுக்கு வாடகைப் பணம் தேவை, ஆனால் வாடகைக்காரன் தேவையில்லை. இரண்டாமவள் வீட்டுக்கு வரும் இளைஞனை மாப்பிள்ளையாக அளவெடுக்கிறாள். மூன்றாமவளுக்கு எதிலும் அக்கறையில்லை, எதுவும் அவள் காதில் விழாமலும் இல்லை. இந்த வேறுபாடுகளை இயக்குநர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. சிறு பாத்திரக்காரர்களுக்கு அந்த நேரம் கிடைக்காது. மற்றவர்கள் வாரக்கணக்கில் சேர்ந்து வேலைசெய்து ஒரு குடும்பமாகிவிட்ட அரங்கத்துக்குள் காலையில் தனியாக வந்து, உடை மாட்டிக்கொண்டு, நட்சத்திரத்தின் முன்னால் நின்று, மாலையில் பேருந்து பிடித்துப் போகிறவர்கள் அவர்கள். பாத்திரத்தை வீட்டிலிருந்தே செய்து எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

அரங்கத்தில் இன்னொரு வரம்பும் உண்டு. சிறு பாத்திரம் மறக்க முடியாததாக இருக்கலாம், ஆனால் காட்சியைப் பறித்துக்கொள்ளக் கூடாது. பறித்தால் அடுத்த படத்துக்கு அழைப்பு வராது. ஹிக்சன் இந்த அளவை மிகத் துல்லியமாக அறிந்திருந்தார். அவர் பெரும்பாலும் செய்வது கேட்பதுதான். எதிராளி பேசும்போது அவர் கண்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள்.

கூட்டத்தில் ஒருவர்

அவர் தனியாள் அல்ல. கேத்லீன் ஹாரிசன், தோரா ஹர்டு, ஐரீன் ஹாண்டில், எஸ்மா கேனன், டேண்டி நிக்கல்ஸ் என்று அதே பாத்திரங்களுக்காக ஒரு பட்டாளமே இருந்தது. இவர்களுள் எண்ணிக்கையில் யாரும் தொட முடியாதவர் மரியான் ஸ்டோன். 1922-இல் லண்டனில் பிறந்து 2009-இல் இறந்த இவர் நடித்த படங்கள் இருநூறுக்கும் மேல். ‘கேரி ஆன்’ நகைச்சுவை வரிசையில் மட்டும் ஒன்பது. பரிசாரகி, செவிலி, செயலாளர், பக்கத்து வீட்டுக்காரி. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘லோலிடா’வில் பீட்டர் செல்லர்ஸின் பக்கத்தில் கறுப்புடையில் வாய்திறவாமல் நிற்கும் விவியன் டார்க்புளூம் இவர்தான். மூல நாவலை எழுதிய விளாதிமிர் நபகோவின் ஆங்கிலப் பெயரெழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அந்தப் பெயர் வரும். உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தில், ஆசிரியரின் பெயரையே உடுத்திக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் நின்ற நடிகை.

ஸ்டோனுக்கு ஒரு மார்ப்பிள் கிடைக்கவில்லை. திறமை குறைவா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஹிக்சனின் கதையைத் தனியாகச் சொன்னால் உழைத்தவருக்குப் பலன் கிடைத்தே தீரும் என்ற நீதிக்கதையாகிவிடும். ஸ்டோனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அந்த நீதி தானாக உதிர்ந்துவிடுகிறது.

‘கேரி ஆன்’ வரிசையில் ஹிக்சனும் ஐந்து முறை தலைகாட்டினார், 1959 முதல் 1973 வரை. ஒன்றில் மருத்துவமனை சிஸ்டர், மற்றொன்றில் காவல் நிலையத்தில் குடிபோதையில் நிற்கும் சீமாட்டி. அதே 1973-இல் ‘தியேட்டர் ஆஃப் பிளட்’. தன்னைத் திட்டி எழுதிய விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் நாடக முறைகளில் ஒவ்வொருவராகக் கொல்கிறார் வின்சென்ட் பிரைஸ் நடித்த மேடை நடிகர். அதில் ஹிக்சனின் வேலை தூங்குவது. பக்கத்தில் கணவரின் தலையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், மயக்க மருந்தின் தயவில் இவர் அயர்ந்து உறங்குகிறார். காலையில் கண்விழிக்கிறார். அந்த ஒரு விழிப்புக்காகப் படத்தை மறுபடியும் பார்க்கலாம்.

முழு நீளப் பாத்திரங்களை அவருக்குக் கொடுத்தது மேடைதான். மாற்றுத்திறனாளிக் குழந்தையை வளர்க்கும் தம்பதியைப் பற்றி பீட்டர் நிக்கல்ஸ் எழுதிய ‘எ டே இன் தி டெத் ஆஃப் ஜோ எக்’ நாடகத்தில் கணவனின் தாய் கிரேஸ் வேடம். 1967-இல் கிளாஸ்கோவில் தொடங்கி, லண்டன், நியூயார்க் என்று சென்று, பின் திரைப்படமானபோதும் அவரே. 1977-இல் நேஷனல் தியேட்டரில் ஆலன் அய்க்போர்ன் எழுதிய ‘பெட்ரூம் ஃபார்ஸ்’. திருமண நாள் இரவில் உணவகச் சாப்பாடு ஏமாற்றிவிட, படுக்கையில் உட்கார்ந்து ரொட்டியில் மீன் வைத்துச் சாப்பிடும் வயதான தம்பதியாக அவரும் மைக்கேல் கஃபும் நடித்தார்கள். நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்குப் போனபோது, 1979-இல் இருவருக்குமே துணைப் பாத்திரத்துக்கான டோனி என்ற அமெரிக்க நாடக விருது கிடைத்தது. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. மார்ப்பிளுக்கு முன் அவரை யாருக்கும் தெரியாது என்று எழுதுபவர்கள் இந்த விருதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சொல்லாமலும் விட முடியாது. 1932-இல் எரிக் பட்லர் என்ற மருத்துவரை மணந்தார், இரண்டு பிள்ளைகள். 1958 முதல் எசெக்ஸ் மாவட்டத்தில் கோல்ன் ஆற்றங்கரையில் உள்ள விவன்ஹோ என்ற சிற்றூரில் வசித்தார். கணவர் 1967-இல் இறந்த பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. லண்டனுக்கு ரயில் உண்டு. கதாநாயகி வாய்ப்பு வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத வாழ்க்கை அது. சின்ன வேலைகளை வெட்கமில்லாமல் ஏற்க அந்த நிம்மதி உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

1984

1946-இல் பிரிட்டிஷ் மக்கள் 163 கோடிக்கும் அதிகமான சினிமா டிக்கெட்டுகளை வாங்கினார்கள். 1984-இல் அந்த எண் ஐந்தரைக் கோடிக்கும் கீழே விழுந்தது. முக்கியப் படத்துக்குத் துணையாகத் திரையிடப்படும் இரண்டாம் நிலைப் படங்கள் என்ற வகையே இல்லாமல் போய்விட்டது. டிக்கெட் வருவாயிலிருந்து உள்நாட்டுப் படங்களுக்குப் பணம் திருப்பிய ஈடி வரி அடுத்த ஆண்டே ஒழிக்கப்பட்டது. ஹிக்சனுக்கும் ஸ்டோனுக்கும் வேலை கொடுத்த அமைப்பு ஏறக்குறைய மூச்சை நிறுத்திய 1984-ஆம் ஆண்டின் டிசம்பர் 26-ஆம் தேதிதான், ஹிக்சன் முதன்முதலில் மார்ப்பிளாக நடித்த ‘தி பாடி இன் தி லைப்ரரி’யின் முதல் பகுதியை பிபிசி ஒளிபரப்பியது.

கிறிஸ்டி 1976-இல் இறந்துவிட்டார். திரைத் தழுவல்கள் அவருக்குப் பெரும்பாலும் பிடித்ததில்லை. அவர் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸும் எளிதில் இசைபவர் அல்ல. ரூதர்ஃபோர்டுக்குப் பின் ஏஞ்சலா லான்ஸ்பரி, ஹெலன் ஹேய்ஸ் ஆகியோர் மார்ப்பிளாக வந்து போயிருந்தார்கள். ஹிக்சன் 1940களின் நடுவில் கிறிஸ்டியின் ‘அப்பாயிண்ட்மென்ட் வித் டெத்’ நாடகத்தில் நடித்தபோது, ஒரு நாள் நீங்கள் என் மார்ப்பிளாக நடிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று கிறிஸ்டி அவருக்கு எழுதி அனுப்பினார். அப்போது ஹிக்சனுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. கிறிஸ்டி கண்டது என்ன என்று யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது, அவர் கண்டது முதுமையை அல்ல, அந்தக் கேட்கும் முகத்தை என்பதுதான்.

ரூதர்ஃபோர்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். குதிரையேறி, வாள்வீசி, தாடையை ஆட்டிக்கொண்டு அவர் வரும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அப்படியொருவர் அறைக்குள் வந்தால் கொலைகாரன் உஷாராகிவிடுவான். மார்ப்பிளின் வித்தையே யாரும் அவரைப் பொருட்படுத்தாததில்தான் இருக்கிறது. மூலையில் பின்னல் ஊசியோடு ஒரு கிழவி, அவள் முன்னால் என்ன பேசினால் என்ன? அந்த அலட்சியத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை ஹிக்சன் ஐம்பது ஆண்டுகளாகப் பயின்றிருந்தார். தட்டை எடுக்க வந்த வேலைக்காரியை யார் கவனிக்கிறார்கள்? மாடிப்படியில் நிற்கும் வீட்டுக்காரம்மாவை யார் கவனிக்கிறார்கள்? மிஸஸ் பெக்கெட் காலடிச் சத்தத்தை வைத்துத் தவறான முடிவுக்கு வந்தாள். மார்ப்பிள் அதே காதுகளோடு சரியான முடிவுக்கு வருகிறார்.

தொடரில் காவல் ஆய்வாளர் ஸ்லாக் கத்திக்கொண்டு மேலும் கீழும் நடப்பார். ஹிக்சன் அசைய மாட்டார். தலை லேசாகச் சாயும், கண்கள் ஒரு நொடி கூடுதலாக ஓரிடத்தில் நிற்கும், பிறகு கடைத்தெருவைப் பற்றியோ யாரோ ஒரு பழைய வேலைக்காரப் பெண்ணைப் பற்றியோ சம்பந்தமில்லாத ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி கனிவாகத்தான் ஒலிக்கும், உள்ளே ஈரம் இருக்காது. இந்தக் கடுமைதான் மற்ற மார்ப்பிள்களிடம் எனக்குக் கிடைக்காதது. கொலைகாரன் தூக்கில் தொங்குவதில் இந்தக் கிழவிக்குத் தயக்கமேயில்லை.

ஹாம்ப்ஷயரின் நெதர் வாலப் கிராமம், மார்ப்பிள் வாழும் கற்பனை ஊரான செயின்ட் மேரி மீடாக மாறியது. 1992 வரை கிறிஸ்டி எழுதிய பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களும் படமாகின. 1987-இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம், அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருதுக்குச் சிறந்த நடிகை பரிந்துரை. விருது இரண்டு முறையும் வரவில்லை. இந்தப் புகழின் நடுவே, 1986-இல் ஜான் கிளீஸ் நடித்த ‘கிளாக்வைஸ்’ படத்தில், காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து தொடர்பில்லாமல் பேசிக்கொண்டே வரும் மறதிக்காரக் கிழவியாக நடித்துக்கொடுத்தார். பெரிய நடிகையாகிவிட்டோம், இனிச் சிறு வேடம் வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955-இல் ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் கொள்ளையர்களுக்கு அறை வாடகைக்கு விட்ட கிழவியாக நடித்த கேட்டி ஜான்சன், எழுபத்தேழு வயதில் பாஃப்டா சிறந்த பிரிட்டிஷ் நடிகை விருதைப் பெற்றார். 1957-இல் இறந்துவிட்டார். அதுவும் ஒரு வீட்டுக்காரம்மா பாத்திரம்தான். முதல் பெரிய வேடம் வரும்வரை உயிரோடு இருப்பது, வசனம் மறக்காமல் இருப்பது, கால் ஊன்றி நிற்க முடிவது என எல்லாம் சேர்ந்தால்தான் இப்படியொரு பிற்பகுதி அமைகிறது. ஹிக்சனுக்கு அது எட்டு ஆண்டுகள் அமைந்தது.

எண்பத்தாறு வயதில் மார்ப்பிளிலிருந்து விலகினார். 1993-இல் வந்த ‘செஞ்சுரி’ அவருடைய கடைசித் திரைப்படம். 1998 அக்டோபர் 17-ஆம் தேதி, தொண்ணூற்றிரண்டு வயதில், கோல்செஸ்டரில் காலமானார். டெவன் மாவட்டத்தின் சிட்பரியில் அடக்கம் செய்தார்கள். அங்கே ஜோன் ஹிக்சன் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. கணவர் பெயரோடு சேர்த்து, ஜோன் போகிள் பட்லர் என்றுதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.